ஆறு நாழி, பத்து நாழி, ஒரு கலம்

முதுகலை முதலாண்டு மாணவர்களுக்குக் கல்வெட்டியல் தாள் நடத்தும்போது ஒவ்வோராண்டும் எனக்கு ஒரு சோர்வு வரும். மெய்க்கீர்த்தி வரையில் வகுப்பு உடன் வரும். கங்கையும் கடாரமும் யாருக்குத்தான் பிடிக்காது? அதைத் தாண்டி நிவந்தப் பகுதிக்குள் நுழைந்ததும், இன்னாருக்கு இத்தனை குறுணி, இன்னதற்கு இத்தனை நாழி என்று கல் கணக்குப் பேசத் தொடங்கும். பின்வரிசைகள் ஒவ்வொன்றாகச் சன்னலுக்கு வெளியே போய்விடும். கரும்பலகையில் எழுதிய எண்களை நானே திரும்பிப் பார்த்தால் மளிகைக் கடைப் பற்றுச்சீட்டைப் போலத்தான் தெரியும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், கரும்பலகையை விட்டுவிட்டு நெல்லைக் கொண்டு அந்தப் பாடத்தை நடத்திப் பார்த்தேன். அன்று நடந்ததையும், அதன் பின்னே ஈராயிரம் ஆண்டுகளாக எங்கள் பக்கத்தில் இருந்துவரும் ஒரு பழக்கத்தையும் பற்றியதே இக்கட்டுரை.

பழக்கம் என்று நான் சொல்வது, செய்தியை உணவாகச் சொல்வதை. மேலை நாட்டில் இதற்கு இப்போது ஒரு பெயரே வந்துவிட்டது. 2012-இல் எல்சிங்கி நகரில் சுசான் யாஷ்கோ, மோரிட்ஸ் ஸ்டெஃபானர் என்ற இருவர் ஒரு பட்டறை நடத்தினர். ஊரைப் பற்றிய புள்ளிவிவரங்களை எடுத்துக்கொண்டு, சமையற்கலைஞர்களின் துணையோடு அவற்றை உண்ணத்தக்க பண்டங்களாகச் சமைப்பது அதன் நோக்கம். ‘தரவுச் சமையல்’ என்று நாம் அதைச் சொல்லலாம். பார்சிலோனா முதலிய நகரங்களிலும் பின்னர் அது நடந்தது. எண்ணைக் கண்ணால் மட்டுமன்றி நாவாலும் அறியலாமே என்பது அவர்கள் வாதம். புதுமைதான், ஆனால் புள்ளியியலுக்கு அடுக்களையோடு உறவு பழையது. வில்லியம் பிளேஃபேர் 1801-இல் அச்சிட்ட வட்ட விளக்கப்படத்தை ஆங்கிலேயர் தங்கள் பணியாரத்தின் பெயராலும், பிரெஞ்சுக்காரர் தங்கள் பாலாடைக்கட்டி ஒன்றின் பெயராலும் அழைக்கின்றனர். நாம் மட்டும் ‘வட்ட விளக்கப்படம்’ என்று பள்ளிப் புத்தகத்தோடு நின்றுவிட்டோம். ஒரு வட்டத் தோசையை யாரும் துண்டு போடுவதில்லை என்பது காரணமாக இருக்கலாம்.

எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். திண்டிவனம் என்ற பெயரே உணவுப் பெயர். திந்திரிணி என்றால் வடமொழியில் புளி. புளியங்காடு திந்திரிணிவனமாகித் திண்டிவனம் ஆயிற்று என்பர். அந்த ஊரின் ஒரு பகுதியாக இன்று கிடக்கும் கிடங்கில், ஒரு காலத்தில் ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் தலைநகர். அவனைப் பாடியது சிறுபாணாற்றுப்படை, பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார், அடிகள் 269. மூவேந்தர் தலைநகர்களையும் கடையெழு வள்ளல்களையும் சொல்லிவிட்டு, வறிய பாணனைக் கிடங்கிலுக்கு வழிகூட்டி அனுப்புகிறது பாட்டு.

வழிகூட்டும் முறைதான் நமக்கு இங்கே வேண்டியது. இத்தனை காதம் போ, இந்தத் திசையில் திரும்பு என்று அது சொல்வதில்லை. வழியில் என்ன சோறு கிடைக்கும் என்று சொல்கிறது. கடற்கரையில் எயிற்பட்டினம்: அங்கே நுளைமகள் அரித்த தேறலும், வறண்ட குழல்மீன் சுட்டதும். அடுத்து முல்லைநிலத்து வேலூர்: எயிற்றியர் சமைத்த புளிச்சோறு சுடச்சுட, ஆமான் இறைச்சியோடு. அதற்கும் அப்பால் மருதத்து ஆமூர்: நன்றாகக் குற்றிய வெள்ளரிசிச் சோறு, நண்டுக் கலவையோடு. எயிற்பட்டினம் மரக்காணப் பக்கம் என்றும், வேலூர் இன்றைய உப்புவேலூர் என்றும், ஆமூர் நல்லாமூர் என்றும் கருதுவோர் உண்டு. ஊர் அடையாளத்தில் கருத்து மாறலாம். நிலம் மாற வழியில்லை. மீனை உண்டால் நெய்தலில் இருக்கிறாய், புளிச்சோறும் வேட்டை இறைச்சியும் வந்தால் முல்லைக்கு வந்துவிட்டாய், வெண்சோறு வந்தால் வயலுக்குள் இறங்கிவிட்டாய். இலையைப் பார்த்து இடத்தை அறிந்துகொள்ளலாம். இது ஒரு நிலப்படம். மையால் தீட்டாமல் சோற்றால் தீட்டியிருக்கிறார்கள்.

அந்த நிலப்படத்துக்கு ஒரு தொடக்கப் புள்ளியும் உண்டு. பாணனின் வீட்டு அடுக்களையில் சுவர் சரிந்து கிடக்கிறது, காளான் பூத்திருக்கிறது, குட்டி ஈன்ற நாய் பாலின்றிக் குரைக்கிறது. குப்பையில் முளைத்த வேளைக்கீரையை உப்பில்லாமல் வேகவைத்து, பிறர் பார்த்துவிடுவார்களோ என்று கதவைச் சாத்திக்கொண்டு சுற்றத்தோடு உண்கிறார்கள். அங்கே தொடங்கி, வீமன் எழுதிய மடைநூலின் முறை தவறாமல் சமைத்ததை நல்லியக்கோடன் பொற்கலத்தில் இட்டு, தானே நின்று ஊட்டும் இடத்தில் பயணம் முடிகிறது. உப்பில்லாக் கீரை முதல் பொற்கலம் வரை ஓர் அளவுகோல். இன்றைய பொருளியலார் வறுமைக்கோட்டை உண்ணும் கலோரியில் வரையறுக்க முயன்றபோது கொண்ட கருத்தும் இதுதான். அவர்கள் அட்டவணையில் சாத்திய கதவு மட்டும் இடம்பெறாது.

ஆமூர்ச் சோற்றைப் பற்றிப் பாட்டு சொல்லும் இன்னொரு செய்தியைப் பின்னர் எடுத்துக்கொள்கிறேன். பல ஆண்டுகள் அதை நான் வகுப்பில் வேகமாகக் கடந்துபோயிருக்கிறேன்.

கிடங்கிலிலிருந்து எண்ணாயிரத்துக்கு ஒரு நாள் நடைதான். ஆனால் இடையே பல நூற்றாண்டுகள். விக்கிரவாண்டிக்கும் செஞ்சிக்கும் இடைப்பட்ட பகுதியில் வயல்களுக்கு நடுவே இருக்கும் சிற்றூர் எண்ணாயிரம். சோழர் காலத்தில் அது இராசராசச் சதுர்வேதிமங்கலம். அங்குள்ள அழகிய நரசிம்மப் பெருமாள் கோயிலில் முதல் இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, அவ்வூரில் நடந்த கல்விச்சாலையின் கணக்கைச் சொல்கிறது. தமிழகக் கல்வி வரலாற்றை எழுதிய எவரும் இதை விட்டதில்லை. நீலகண்ட சாத்திரியார் தம் சோழர் வரலாற்றில் விரிவாகவே எடுத்தாண்டிருக்கிறார்.

மாணவர் 340 பேர். அவர்களில் இளையோர் 270: இருக்கு வேதத்துக்கு 75, எசுர் வேதத்துக்கு 75, சாமத்தின் இரு பிரிவுகளுக்கு இருபது இருபதாக 40, வாசசனேயத்துக்கு 20, அதர்வத்துக்கு 10, பௌதாயன நூல்களுக்கு 10, ‘ரூபாவதாரம்’ என்ற இலக்கணத்துக்கு 40. மூத்தோர் 70: வியாகரணத்துக்கு 25, பிரபாகர மீமாஞ்சைக்கு 35, வேதாந்தத்துக்கு 10. ஆசிரியர் 14 பேர். இதற்கென ஒதுக்கிய நிலம் 45 வேலி. இலக்கணம் என்றால் வடமொழி இலக்கணந்தான். தமிழ் இலக்கணத்துக்கு அந்த 340 பேரில் ஒருவர்கூட இல்லை. கோயிலில் திருவாய்மொழி ஓதுவோருக்கு நெல் உண்டு, அவ்வளவே. தமிழாசிரியன் ஆகையால் இந்த இடத்தில் ஒரு பெருமூச்சு விட எனக்கு உரிமை உண்டு.

இனி நெல். இளைய மாணவன் ஒருவனுக்கு நாள் ஒன்றுக்கு ஆறு நாழி. மூத்த மாணவனுக்கு ஒரு குறுணி இரண்டு நாழி. வியாகரணமும் பிரபாகரமும் கற்பித்தவர்களுக்கு ஆளுக்கு ஒரு கலம். வேதாந்தம் கற்பித்தவருக்கு அதற்கும் மேல். எட்டு நாழி ஒரு குறுணி, அதாவது மரக்கால். பன்னிரண்டு குறுணி ஒரு கலம். ஆகவே கலத்தில் 96 நாழி. மாணவர்களுக்கு மட்டும் ஒரு நாளைக்குக் கூட்டினால் 2,320 நாழி. அதாவது 24 கலம் 2 குறுணி. ஆண்டுக்கு 360 நாள் என்று கொண்டால் மிச்சம் மீதி இல்லாமல் 8,700 கலம். இந்தக் கூட்டல் என்னுடையது, கல்லில் உள்ளதன்று.

இந்த எண்களை எத்தனையோ முறை எழுதிப் போட்டிருக்கிறேன். அன்று மட்டும், விவசாயக் குடும்பத்து மாணவர் ஒருவரிடம் முன்னாளே சொல்லி ஒரு பை நெல் வரவழைத்தேன். மேசையை ஒதுக்கித் தரையில் போர்வை விரித்தோம். ஒரு நாழிக்கு ஒரு கைப்பிடி என்று வைத்துக்கொண்டோம். ஆறு பிடி ஒரு குவியல், பத்துப் பிடி ஒரு குவியல், பிறகு தொண்ணூற்றாறு. நாற்பதைத் தாண்டும்போதே வகுப்பு வாய்விட்டு எண்ணத் தொடங்கிவிட்டது. அறுபதில் சிரிப்பு வந்தது. எண்பதுக்கு மேல் சிரிப்பு நின்றுவிட்டது. தொண்ணூற்றாறு முடிந்தபோது ஆறு பிடிக் குவியலைக் கண் தேட வேண்டியிருந்தது. ‘பதினாறு மாணவனின் படி ஓர் ஆசிரியனின் படி’ என்று நான் சொல்லி அவர்கள் குறித்துக்கொண்ட வாக்கியம் முன்னைய ஆண்டுகளின் குறிப்பேடுகளிலெல்லாம் இருக்கும். அன்று யாரும் அதை எழுதவில்லை. அடுத்த பாடவேளைக்கு வந்த பொருளியல் ஆசிரியர் வாசலில் நின்று, “என்ன ஐயா, நாத்து விடறீங்களா?” என்று கேட்டார்.

கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டவர் மூன்றாம் வரிசையில் இருந்த ஒரு மாணவி. “ஐயா, எல்லாருக்கும் நெல்லாத்தானே குடுத்தாங்க. நெல்லத் தின்ன முடியாதே. இத யாரு குத்தனது?”

விடை வைத்திருக்கவில்லை. ‘ஐந்திரண்டு வண்ணம்’ என்று கல்வெட்டுகளில் ஒரு வாய்பாடு உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலிலும் அதுவே வழங்குகிறது. ஐந்து அளவு நெல்லுக்கு இரண்டு அளவு அரிசி என்பது அதன் பொருள். இதன்படி பத்து நாழி நெல் நான்கு நாழி அரிசி ஆகும். ஆறு நாழி இரண்டு நாழியும் சொச்சமும் ஆகும். அதைச் சொன்னேன். அது அவருடைய கேள்விக்கு விடையில்லை என்பது சொல்லி முடிப்பதற்குள் எனக்கே தெரிந்துவிட்டது. ஐந்து எப்படி இரண்டாயிற்று என்பதுதான் கேள்வி. மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் படி வகுக்கும் இந்தப் பகுதியில் 340-க்கும் 14-க்கும் எண் இருக்கிறது. உலக்கை பிடித்தவருக்கு எண் இல்லை.

அப்போதுதான் ஆமூர் நினைவுக்கு வந்தது. அங்கே கிடைக்கும் வெண்சோற்றைச் சொல்லுமிடத்தில் நத்தத்தனார், அது எந்த உலக்கையால் குற்றிய அரிசி என்றும் சொல்கிறார்: குற்றிக் குற்றித் தேய்ந்துபோன இரும்புப் பூண். பூண் தேய்வதற்கு எத்தனை கலம் குற்றியிருக்க வேண்டும், எத்தனை ஆண்டுகள்! அதுவும் ஒரு கணக்குத்தான். கல்வெட்டுச் சொல்லாமல் விட்ட பத்தியைப் புலவர் ஓர் அடைமொழியில் நிரப்பியிருக்கிறார். அதை இரு வாரங்களுக்கு முன்புதான் அதே வகுப்பில், ‘உலக்கை, இங்கே சினையாகுபெயர் இல்லை’ என்பது போல ஏதோ சொல்லி நகர்ந்திருந்தேன்.

கல்வெட்டுகள் எப்போதுமே இந்தக் கைகளைச் சொல்வதில்லை என்று எழுதிவிடக் கூடாது. வாலாசாபாத்தை அடுத்த திருமுக்கூடலில் வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, வீரசோழன் என்ற 15 படுக்கை மருத்துவமனையைப் பற்றியது. வைத்தியருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும்; அறுவை செய்பவருக்கு 30 கலம்; மருந்து அடவும் நோயாளிகளைப் பேணவும் இருந்த இரு பெண்களுக்கு 30 கலமும் ஒரு காசும். நோயாளி ஒருவருக்கு நாளுக்கு ஒரு நாழி அரிசி. இங்கே பெண்கள் கணக்குக்குள் வந்துவிடுகிறார்கள், வைத்தியருடையதில் ஆறில் ஒரு பங்கோடு. விழுப்புரம்–புதுச்சேரிச் சாலையில் இருக்கும் திருபுவனையில் இராசாதிராசன் காலத்தில் (1048) இன்னொரு கல்விச்சாலை: 72 வேலி நிலம், ஆண்டுக்கு 12,000 கலம், 260 மாணவர், 12 ஆசிரியர். ஊர் வாரியப் பணிகளிலிருந்தும் அவர்களுக்கு விலக்கு. ஒரு தாலுகா அளவுள்ள பரப்பில் இப்படி இரண்டு.

நெல்லை வெறும் உணவாகக் கருதினால் இந்தக் கணக்குகள் தவறாகப் புரியும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தொண்ணூற்றாறு நாழியை எந்த ஆசிரியரும் உண்டிருக்க முடியாது. நெய்க்கு இத்தனை நெல், உப்புக்கு இத்தனை நெல், வெற்றிலைக்கு இத்தனை நெல் என்று எல்லாவற்றையும் நெல்லாக மாற்றி எழுதுவதே அக்காலக் கோயில் கணக்கின் முறை. நெல்லே நாணயம். ஆனால் நாணயத்தைப் போல அது அச்சிடப்படுவதில்லை, அளக்கப்படுகிறது. அளக்கும் கலம் மாறினால் எண் மாறாமலே எல்லாம் மாறிவிடும். ஆதலால்தான் மரக்காலுக்கே பெயர் வைத்தார்கள். தஞ்சைக் கோயிலில் வழங்கியது ஆடவல்லான் என்ற மரக்கால். அது இராசகேசரி மரக்காலுக்கு ஒத்தது என்று கல்வெட்டே உறுதி சொல்கிறது. இறைவன் பெயரும் அரசன் பெயரும் மரக்காலின் மேல் ஏறியது பக்தியால் மட்டும் ஆகாது.

கேள்வி கேட்ட மாணவி மறுவாரம் ஒரு மரக்காலைக் கொண்டுவந்தார். அவர் ஆயாவினுடையது. இரும்புப் பட்டை போட்டது. அடி உட்பக்கமாகச் சற்றே எழும்பியிருந்தது. ஆயா சொல்லி அனுப்பிய செய்தி: “பண்ணையில ரெண்டு மரக்கா இருக்கும். கடன் நெல்லு வாங்கறப்ப ஒண்ணு, கூலி போடறப்ப ஒண்ணு.” கூலி போட்டது எது என்று கேட்க வேண்டியதில்லை. தசம அளவைக்கான சட்டம் 1956-இல் வந்தது. களத்துமேட்டுக்கு அது வந்துசேர வெகுகாலம் ஆயிற்று. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்ட போராட்டத்தின் தொடர்ச்சியாகத்தான் 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் தீயில் மாண்டார்கள். மரக்காலின் எழும்பிய அடியை விரலால் தடவிக்கொண்டே அன்று வகுப்பை முடித்தேன்.

அந்தத் தை மாதம் கல்லூரிப் பொங்கல் விழாவில் துறைக்கு ஓர் அடுப்பு ஒதுக்கினார்கள். கல்வெட்டைச் சமைத்துவிடலாம் என்று முடிவு செய்தது மாணவர்கள்தாம். எல்சிங்கியைப் பற்றி நான் அவர்களிடம் சொன்னதில்லை. நாழிக்குப் பதில் ஒரு சிறு குவளை. மூன்று தலைவாழை இலைகள். திருமுக்கூடல் நோயாளியின் இலையில் ஒரு குவளை அரிசிச் சோறு. எண்ணாயிரத்து இளைய மாணவன் இலையில், ஐந்திரண்டு வண்ணத்தால் இறக்கிய இரண்டரைக் குவளைக்குச் சற்றுக் குறைவு. மூத்தவன் இலையில் நான்கு. ஆசிரியரின் இலைக்கு ஏறத்தாழ முப்பத்தெட்டுக் குவளை வேண்டும். பானையும் இல்லை, அரிசியும் இல்லை. என்னை அங்கே உட்காரச் சொல்லிச் சிரித்தார்கள்.

பார்க்க வந்த ஒருவர், சத்துணவு அமைப்பாளர் ஒருவரின் மகன், தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு நூறு கிராம் அரிசி, நடுநிலைப்பள்ளிப் பிள்ளைக்கு நூற்றைம்பது என்று தம் தாயார் அளப்பதைச் சொன்னார். மைய அரசின் மதிய உணவு விதிப்படி இன்றும் அளவு அதுதான். இரண்டுக்கு மூன்று. எண்ணாயிரத்தில் மூன்றுக்கு ஐந்து. வளர்கிற பிள்ளைக்குக் கூடுதலாகப் பசிக்கும் என்ற ஒரே செய்தியை ஆயிரம் ஆண்டு இடைவெளியில் இரண்டு அரசுகள் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் எழுதியிருக்கின்றன. ஆனால் எண்ணாயிரத்துக் கூடத்தில் அமரப் பிறப்பு வேண்டும். 1982-இல் தமிழகமெங்கும் தொடங்கிய சத்துணவுக் கூடத்தில் அமரத் தட்டு மட்டும் வேண்டும். அந்தச் செய்தியை விகிதம் சொல்லாது.

எண்ணாயிரத்தைப் பற்றி எழுதிவிட்டுக் காளமேகத்தை விட்டால் எங்கள் ஊர்க்காரர் கோபிப்பர். அவர் பிறந்த ஊர் அதுவே என்போர் உண்டு. நாகைச் சத்திரத்தில் பசியோடு காத்திருந்து அவர் பாடிய வசை எல்லாரும் அறிந்தது. அரிசி வந்து இறங்குவது ஒரு பொழுது, குத்தி உலையில் இடுவது ஒரு பொழுது, ஓர் அகப்பை இலையில் விழுவது ஒரு பொழுது என்று இரவு முழுவதையும் சமையலின் படிகளால் அவர் அளந்துவிடுகிறார். நாழிகை வட்டில் வைத்திருந்தாலும் அத்தனை துல்லியம் வந்திராது. அவர் பாட்டிலும் குத்துகிற வேளை ஒன்று இருப்பதைக் கவனிக்கலாம். பசித்திருப்பவனுக்கு அது மறப்பதில்லை.

பொங்கல் நாளன்று அந்த மாணவி நான்காவதாக ஓர் இலை போட்டார். பானையில் ஏதோ தனியே கொதித்துக்கொண்டிருந்ததை நான் கவனித்திருக்கவில்லை. நொய்க்கஞ்சி. கேட்டதற்கு, “ஆயாவுக்குக் குத்துக்கூலியா நொய்யும் தவிடும்தான் குடுப்பாங்களாம். தவிடு மாட்டுக்கு, நொய்யி வீட்டுக்கு,” என்றார். இலையில் கஞ்சி நிற்கவில்லை. வழிந்து பக்கத்து இலைகளுக்குப் போயிற்று. பிறகு குவளைகளில் ஊற்றி, ஊறுகாயோடு எல்லாருக்கும் கொடுத்தார்கள். மூத்த மாணவன் இலையில் சோறு மீந்து கிடந்தது. கஞ்சிப் பானையை வழித்துவிட்டார்கள். எனக்குக் கடைசியில் அரைக் குவளைதான் கிடைத்தது.